வேட்டைக்காரன் இல்லாத படம்

இந்த உரையின் தலைப்பைச் சொன்னபோது அழைக்க வந்தவர்கள் சற்றுத் தயங்கினார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களின் ஊரில் வேட்டைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் பேச வந்திருக்கும் ஓவியங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பகுதி வேட்டைக்காரர்கள் கிடையாது, வியாபாரிகள். அதனால்தான் கண்டரமாணிக்கத்தில் இதைப் பேசலாம் என்று துணிந்தேன்.

படம் இப்படி இருக்கும். செத்த முயல் ஒன்று பின்னங்காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கும். பக்கத்தில் கௌதாரிகள் இரண்டு, ஒரு வேட்டைப்பை, ஒரு வெடிமருந்துக் குப்பி. சில படங்களில் மோப்பம் பிடித்தபடி ஒரு நாய். துப்பாக்கி சாய்த்து வைத்திருக்கும். அதைத் தூக்கி வந்த ஆளை மட்டும் காணமுடியாது. நம் ஓவியக் கல்லூரிகளில் ஸ்டில் லைஃப் என்று குடத்தையும் துணியையும் பழத்தையும் வைத்து வரையப் பழக்குகிறார்களே, அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான் இது. வேட்டைப்பொருள் ஓவியம் என்று இன்றைக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கிளையின் மூத்த பிள்ளை 1504ஆம் ஆண்டில் பிறந்தது. யாக்கோப்போ தெ பார்பரி என்ற வெனிஸ்காரர் வரைந்தார். 1500இல் தம் நகரத்தை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் மிகப் பெரிய மரச்செதுக்கு அச்சாகக் கொடுத்துப் பேர் வாங்கியவர். பிறகு ஜெர்மானிய மன்னர்களின் அரண்மனைகளுக்கு வேலைக்குப் போனார். இன்று மியூனிக் நகரின் ஆல்ட்டே பினாக்கோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் நம் சுவரில் மாட்டும் காலண்டரைவிடப் பெரிதில்லை; அரை மீட்டர் உயரம். வெறும் பலகைச் சுவர். அதில் ஒரு கௌதாரி, இரண்டு இரும்புக் கையுறை, ஒரு குறுக்குவில்லின் அம்பு. கீழே மடிப்புக் கலையாத காகிதத் துண்டில் பெயரும் ஆண்டும், பாம்பு பின்னிய கோல் ஒன்றும். அந்தக் கோல் ரோமர்களின் வணிகக் கடவுளான மெர்க்குரியின் கோல். வேட்டைப் படத்தில் ஓவியர் இட்ட முத்திரை வணிகத் தெய்வத்தினுடையது என்பது இந்த ஊரில் சொல்வதற்கு எனக்குச் சுவையாக இருக்கிறது. இது ஏதோ ஓர் அலமாரிக் கதவாகவோ, இன்னொரு படத்தின் மூடியாகவோ இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கதவைத் திறக்கப் போகிறவர் ஒரு நொடி அதை நிஜப் பறவை என்று நினைத்திருப்பார்.

அடுத்த நூற்றாண்டில் இந்த வகை செழித்தது ஹாலந்தில். அங்கே மான் வேட்டை பிரபுக்களின் உரிமை. முயல், பறவை போன்ற சிறு வேட்டைக்குக்கூடக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் கப்பலும் கிடங்கும் வைத்துப் பணம் சேர்த்தவருக்கு நல்ல வீடு கட்ட முடிந்தது, கால்வாய்க்கரையில் மனை வாங்க முடிந்தது. காட்டில் வில்லெடுக்க மட்டும் குலம் போதவில்லை. 1650க்குப் பிறகு அவர்கள் வேட்டையைச் சுவருக்கு வாங்கினார்கள். யான் வீனிக்ஸ் என்பவர் இதில் பெரிய கை. அவருடைய முயல் ஒரு தோட்டத்தில் கிடக்கும். பின்னால் கல் ஜாடி, சிலை, மாலை வானம், தூரத்தில் ஒரு மாளிகை. அந்த மாளிகையும் தோட்டமும் வாங்கியவருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. பிற்காலத்தில் இதே வீனிக்ஸை ஜெர்மனியின் இளவரசர் ஒருவர் தம் பென்ஸ்பெர்க் வேட்டை மாளிகைக்காக வேட்டைப் படங்களின் வரிசை ஒன்றையே வரைய வைத்தார். நிஜமாகவே வேட்டையாடிய அந்த இளவரசர் தம் வேட்டை மாளிகையில் மாட்டியதும், ஒரு நாளும் வேட்டையாடாத வியாபாரி தம் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியதும் ஒரே ஓவியரின் முயல்தான். ஆனால் இரண்டு முயலும் ஒன்றையே சொல்லவில்லை. மாளிகையில் அது நேற்றைய நினைவு. வியாபாரி வீட்டில் அது ஓர் ஆசை.

உங்கள் வளவுகளையும் இப்படிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி, முகப்பு வாசலுக்கு மேலே கஜலட்சுமி. பட்டாலைச் சுவரில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும். அந்த அச்சகம் 1894இல் தொடங்கியது. தெய்வப் படங்கள் அங்கிருந்துதான் வீடு வீடாகப் பரவின. சில வீடுகளில் இவற்றோடு ஒரு ஜோடி மான் கொம்பு. கொம்பு யார் சுட்ட மானுடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விலைக்கு வந்த கௌரவம் அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம்காரர் செய்ததையே இங்கும் செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி இந்தப் படங்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். யான் வீனிக்ஸின் தந்தை யான் பாப்டிஸ்ட் வீனிக்ஸ் வரைந்த கௌதாரி ஒன்று த ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸில் இருக்கிறது. வெறுஞ்சுவர், ஓர் ஆணி, ஒரு பறவை. வேறொன்றும் இல்லை. ஒற்றைக் காலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உயிருள்ள கௌதாரி ஒருபோதும் அந்த நிலையில் இராது. சிறகு தன் எடையால் தானே விரிந்துவிடுகிறது. பறப்பதற்கு விரிந்த சிறகும் இப்படித் தொய்ந்து விரிந்த சிறகும் கோட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். கண் முதலில் பறத்தலைப் பார்க்கிறது, பிறகு கட்டிய காலைப் பார்க்கிறது. இந்த இரண்டு பார்வைக்கும் இடையிலுள்ள கணத்தில்தான் துயரம் உண்டாகிறது. ஓவியர் கண்ணீருக்கென்று எதையும் வரையவில்லை. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம், வயிற்றுப் பகுதியின் மெல்லிய தூவி, சுவரில் விழும் நிழல். நிழல் இருப்பதால் பறவைக்கு எடை வருகிறது. எடை வந்ததும் அது பிணம் ஆகிறது.

அடையாளங்களைப் பட்டியல் போட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. கௌதாரி என்றால் காமம், முயல் என்றால் இது, மெழுகுவத்தி என்றால் அது என்று. சில படங்களுக்கு அந்தச் சாவி பொருந்தும். எனக்கு அந்த முறையில் பெரிய நம்பிக்கை இல்லை. கனவுப் பலன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கனவைப் படிப்பதுபோல் ஆகிவிடும். பாரிஸ் ஓவியர் ஷார்தேன் இதற்கு நல்ல மருந்து. முதன்முதலில் ஒரு முயலை வரைய உட்கார்ந்தபோது, தாம் அதுவரை பார்த்த படங்களையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தாராம். முயலைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒவ்வொரு மயிராக எண்ணாமல் அதன் நிறத்தையும் திரட்சியையும் மட்டும் பிடித்தாராம். இதை அவருடைய நண்பர் கொஷேன் எழுதியிருக்கிறார். அந்த முயல்களுக்குத் தோட்டமில்லை, மாளிகையில்லை. ஒரு கல்மேடை, ஒரு வேட்டைப்பை, சாம்பல் நிறச் சுவர். வீனிக்ஸ் முயலின் மென்மயிர் ஒரு பட்டுத்துணிக் கடையை நினைவூட்டும். ஷார்தேனின் முயலைப் பார்த்தால் பேசத் தோன்றாது.

எல்லாவற்றுக்கும் மேலாக இங்கே சொல்ல வேண்டிய படம் ரெம்பிராண்டுடையது. 1639ஐ ஒட்டி வரைந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம். ஒரு சன்னல். சன்னலுக்கு உள்ளே நின்று ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு பழக்கூடை. சன்னலுக்கு முன்னால், நம் பக்கத்தில், இரண்டு செத்த மயில்கள். ஒன்று காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறது. மற்றொன்று கல்லில் கிடக்கிறது, அதைச் சுற்றி இரத்தம்.

குன்றக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மலையே மயில் என்று தலபுராணம் சொல்லும். மேலே சண்முகநாதர் மயில்மீது, வள்ளியும் தெய்வானையும் தனித்தனி மயில்மீது. காவடியில் மயிற்பீலி கட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ரெம்பிராண்டின் இந்தப் படம் முதலில் ஓவியமாகவே தெரியாது. ஒரு தீட்டாகத் தெரியும். ஆம்ஸ்டர்டாம்காரருக்கு அது விருந்துக்கு வந்த பறவை. மயிலை மாவுக்கூட்டில் வைத்துச் சுட்டு, தலையையும் தோகையையும் மேலே செருகிப் பரிமாறும் வழக்கம் அங்கே இருந்தது. பீட்டர் கிளாஸ் 1627இல் அப்படி ஒரு மேசையையே வரைந்திருக்கிறார். கிறித்தவ மரபில் மயிலுக்கு வேறு பொருளும் உண்டு. சமைத்த மயிலிறைச்சியை எடுத்துவைத்து, ஓராண்டாகியும் கெடவில்லை என்று புனித அகஸ்டின் எழுதிவைத்தார். அதிலிருந்து மயில் அழியாமையின் சின்னம். அழியாமை இங்கே இரத்தத்தில் கிடக்கிறது என்று விளக்கம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள்.

நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ரெம்பிராண்டுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். மயில் என்றதும் நாம் எதிர்பார்க்கும் நீலத்தையும் பச்சையையும் அவர் அடக்கிவிட்டார். படம் முழுக்கப் பழுப்பும் பொன்னும். அதே 1639இல்தான் அவர் பதின்மூவாயிரம் கில்டருக்குப் பெரிய வீடு ஒன்றைப் பேசி முடித்தார். அந்தக் கடன் தீராமல் 1656இல் திவாலானார். வட்டி, தவணை, ஏலம் எல்லாம் அறிந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வீடு வாங்கிய 1639இலேயே தம்மை ஒரு வேட்டைக்காரராகவும் வரைந்துகொண்டார்: தொப்பியில் இறகு, உயர்த்திய கையில் ஒரு செத்த நாரையினப் பறவை. அது டிரெஸ்டனில் இருக்கிறது. அந்தப் படத்தில் வெளிச்சம் முழுக்கப் பறவைமேல். ஓவியரின் முகம் நிழலில். மாவரைக்கும் ஆலைக்காரர் மகன் அவர். வேட்டைக்காரராக வேடம் போட்டும் பின்னால் ஒதுங்கிவிட்டார். மயில் படத்தில் முழுவதுமாகவே போய்விட்டார். மிச்சம் இருப்பது சிறுமி மட்டும்.

நம் மரபுக்கு வருவோம். நம்மிடம் இப்படி ஒரு படம் ஏன் உண்டாகவில்லை? வேட்டை இல்லாமலா? குறிஞ்சி முழுக்க வேட்டைதான். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் கல்குதிரைகள் முன்கால் தூக்கி நிற்கும் இடத்திலெல்லாம் ஈட்டி விலங்கின்மேல் பாய்கிறது. வள்ளியே வேடர் மகள். அவளிடம் முருகன் வந்ததும் வேடனாக. புறநானூற்றின் 152ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வன்பரணர் பாடியது. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய் நிற்கிறது. ஐந்து உடல்கள் ஒரே வரிசையில். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அங்கேயே நின்று அந்த வரிசையை வரைந்திருப்பார். வன்பரணர் நிற்பதில்லை. அடுத்து என்ன நடக்கிறது? காட்டுக்குள் வந்த பாணர் கூட்டம் ஆள் யாரென்று தெரியாமலே பாடுகிறது; வேட்டைக்காரன் கறியும் மதுவும் கொடுக்கிறான், பொன்னும் மணியும் கொடுக்கிறான். இறைச்சி கீழே கிடப்பதற்கு நேரமே இல்லை. கொன்றவன் கையிலிருந்து பெறுபவன் கைக்குப் போய்விடுகிறது. கொடைதான் அதன் பொருள். தனியாகத் தொங்கவிட்டுப் பார்க்க நம் கவிஞருக்குத் தோன்றவில்லை.

முகலாயர் பக்கமும் கதை இதுதான். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் வேட்டைக்குப் பேரேடே எழுதினார்: பன்னிரண்டு வயதிலிருந்து ஆட்சியின் பதினோராம் ஆண்டு முடிய, அவர் முன்னிலையில் விழுந்தவை 28,532, அவர் கையாலேயே கொன்றவை 17,167. அவருடைய ஓவியர் மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் அப்படியே உயிர்ப்போடு வரைந்தார். வேட்டைக் காட்சி என்று வந்தால் நடுவில் பேரரசர் இருந்தாக வேண்டும்.

ஆனால் தமிழில் ஒரே ஓர் இடத்தில் வேட்டைக்காரன் இல்லாத இறைச்சியை யாரோ தனியாக நின்று பார்க்கிறார். பெரியபுராணத்தில், கண்ணப்பர் கதையில். பின்னால் கண்ணப்பரான திண்ணன் பன்றியைக் கொன்று, கூட வந்த காடன் மூட்டிய தீயில் சுட்டு, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்ல துண்டங்களாகப் பொறுக்கிக் காளத்தியப்பருக்குப் படைக்கிறான். இரவெல்லாம் வில்லோடு காவல் நிற்கிறான். விடியுமுன் மறுநாள் வேட்டைக்குப் போய்விடுகிறான். அப்போது அங்கே பூசை செய்யும் சிவகோசரியார் வருகிறார். பூவும் நீரும் இருக்க வேண்டிய இடத்தில் வெந்த இறைச்சி, எலும்பு. ஆள் இல்லை. அவர் துடித்துப்போகிறார். யாரோ வேடர் செய்த அநியாயம் என்று அலறுகிறார். எல்லாவற்றையும் துப்புரவு செய்து, குளித்துவிட்டு வந்து, மறுபடி பூசை செய்கிறார். மறுநாளும் அதே காட்சி.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதை எழுதினார்; பார்பரியின் கௌதாரிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஓவியத்தின் முதல் பார்வையாளர் சிவகோசரியார் என்றே எனக்குப் படுகிறது. அவர் முன்னால் இருந்தது வேட்டைப்பொருள் ஓவியத்தின் அத்தனை அங்கமும்: கல்மேடை, இறைச்சி, அமைதி, போய்விட்ட வேட்டைக்காரன். அவர் உணர்ந்த அருவருப்பும் அச்சமும் அந்தப் படங்கள் முன்னால் நமக்குள் லேசாக எழுவதேதான். பொருள் தெரியாத இறைச்சி அச்சமூட்டும். யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று தெரிந்தால்தான் அது அன்பா அக்கிரமமா என்று சொல்ல முடியும். சேக்கிழாருக்கு அந்த அச்சத்தில் நம்மை நெடுநேரம் விட மனமில்லை. இறைவன் சிவகோசரியாரின் கனவில் வந்து திண்ணனுடைய அன்பை எடுத்துச் சொல்கிறார்; ஒளிந்திருந்து பார்க்கச் சொல்கிறார்; ஆறாம் நாள் வேட்டைக்காரனே வந்து நிற்கிறான், இறைவனுக்காகத் தன் கண்ணைத் தோண்டுகிறான். காட்சியிலிருந்து விலகிய ஆளைக் கதை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

ரெம்பிராண்டின் சன்னலில் நிற்கும் சிறுமிக்கு அப்படி ஒரு கனவு வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். மயில்கள் விருந்துக்கா, பாவத்துக்கா, வெறும் வெளிச்சத்துக்கா என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஐரோப்பிய ஓவியத்தின் துணிச்சல் இதுதான் என்று நினைக்கிறேன்: விளக்கம் சொல்ல வேண்டியவரை அனுப்பிவிட்டு, பார்ப்பவரைத் தனியே விட்டது. நம் மரபு பார்ப்பவரைத் தனியே விடாது. இதில் எது உயர்வு என்று கேட்பவர்கள் கேட்கட்டும்; கண்ணப்பர் கதையில் உருகுகிறவன் நான், ஆனால் சேக்கிழார் இன்னும் ஒரு நாள் சிவகோசரியாரை அந்த எலும்புகளுக்கு முன்னால் நிற்க விட்டிருக்கலாமோ என்ற ஆசையும் எனக்கு உண்டு.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியபோது ஐரோப்பிய ஸ்டில் லைஃப் இங்கே பாடமாக வந்தது. அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி நல்ல வேட்டைக்காரர். வேட்டைக் கதைகளும் எழுதியவர். அவர் பேரைச் சொன்னால் நினைவுக்கு வருவது மெரினாவின் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் நான்கு உடல்கள். அங்கேயும் செயலும் ஆளும்தான் முன்னால் நிற்கின்றன.

சமஸ்தான மன்னர்களும் வெள்ளை அதிகாரிகளும் விட்டுப்போன புகைப்படங்கள் இன்னொரு கோடி. செத்த புலி, அதன்மேல் ஒரு பூட்ஸ் கால், கையில் துப்பாக்கி, கேமராவை நேராகப் பார்க்கும் முகம். இங்கே வேட்டைக்காரன் மட்டும்தான் இருக்கிறான். புலி அவனுக்கு ஒரு பீடம். மைசூரின் வான் இங்கென் நிறுவனம் அப்படிப்பட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து அனுப்பியது. 1999 வரை தொழில் நடந்தது. ஒரு விலங்கின் மரணத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டியும் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாத படங்கள் இவை. எனக்கு இவற்றில் ஓவியமும் தெரியவில்லை, வேட்டையும் தெரியவில்லை.

உங்கள் வட்டாரத்து வேட்டை இதைவிட நாகரிகமானது. விஜயதசமியன்று மகர்நோன்பு. சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு எழுந்தருளும், அம்பு போடும். விலங்கு ஏதும் விழாது. வீனிக்ஸ் படத்தில் வேட்டையில்லாத இரை. மகர்நோன்புப் பொட்டலில் இரையில்லாத வேட்டை. பறவைகளைக் காப்பவர்களும் இங்கே உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வலசை வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அரசு 1977இல் சரணாலயம் என்று அறிவித்தது. ஊர்க் கட்டுப்பாடு அதற்கும் மூத்தது என்பார்கள். மயில் 1963இல் தேசியப் பறவையானது. இன்று அது நெல்லைக் கொத்துகிறது என்று விவசாயிகள் திட்டுகிறார்கள். திட்டுகிறவரே குன்றக்குடிக்குக் காவடியும் எடுப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு உங்கள் வீடுகளிலிருந்து தூணும் கதவும் பீங்கானும் படங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. போவதைத் தடுக்க என்னால் முடியாது. பங்குதாரர்கள் பல ஊரில் இருக்கும்போது வளவைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மான் கொம்பை விற்க முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை எடுத்து வெளியே கொடுக்காதீர்கள், வம்பு. படங்களைக் கொடுப்பதென்றால், ஆணியிலிருந்து எடுப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்: எந்தக் கட்டில், எந்தச் சுவரில், எந்தப் படத்துக்கு எதிரே மாட்டியிருந்தது, யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று பின்னால் எழுதி வையுங்கள். வேட்டை மாளிகையின் முயலும் வியாபாரி வீட்டு முயலும் வேறுவேறு என்று சொன்னேன். சுவர் தெரியாமல் போனால் எது எந்த முயல் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதியதை ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.